குனிந்தால் இறங்கும் அம்மன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் மேல்டிவிஷனுக்கு மாரியம்மன் இறங்கியது என் அக்காள் மகள் பூவிழியின் பிடரி எலும்பு வழியாக. இதைக் கோயிலுக்குள் நின்று சொன்னால் கோயில் தலைவர் ரெங்கசாமி என்னை உண்டியலால் அடிப்பார். அதனால் எழுதி வைக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. கண்ணாடியை எங்கே வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

ஆரம்பித்தது காலில். பூவிழி எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷினில் வேலை செய்பவள். அந்த மெஷினை ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்து, செடித்தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரே சீராக நடக்க வேண்டும். ஒருத்தி சறுக்கினால் வெட்டு கோணிக்கொள்ளும். மறுபக்கம் பிடிக்கும் மலர் நேராகத்தான் போனாள். பூவிழி பக்கம் மட்டும் செடி சரிந்துகொண்டே வந்தது. பாதி முடி வெட்டும்போது கரண்ட் போன தலை மாதிரி இருந்தது மலைச்சரிவு. வானத்தில் போன விமானம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு இது வேறு நாடு என்று திரும்பிப் போனதாகக் கேள்வி.

வலது கால் நுனி தரையை உரசும். சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமல் அவள் போய்க்கொண்டே இருப்பாள். வயிற்றைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குவது போல் இருக்கிறது என்பாள். மத்தியானம் ஆனால் எலும்பெல்லாம் கழன்றவள் போல உட்கார்ந்துவிடுவாள். சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்தால் இடது கண்ணில் மூடுபனி. "மாமா, செம்பருத்திப் பூ ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்று என்னிடம் கேட்டாள். பூ ரத்தம் மாதிரி சிவப்பாகத்தான் இருந்தது.

எங்கள் லைன் வீடுகளில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருத்தர் வாயு என்றார், ஒருத்தர் இனிப்புநீர் வியாதி என்றார், செய்வினை என்று சொன்னவர் யார் செய்தது என்றும் சேர்த்தே சொன்னார். அவள் மாமியார் நவமணிக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"நடிப்பு லா அண்ணே, சுத்த நடிப்பு. போன்ல படம் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. வேலை செய்ய உடம்பு வளையல, காலு மேல பழி."

"செருப்பு கழண்டதுகூடத் தெரியலையே நவமணி," என்றேன்.

"ரோட்டுல செருப்பை விட்டுட்டு வர்றவ, நாளைக்கு என் மவனையும் விட்டுட்டு வருவா."

மகன் ரூபன் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் அவனே ரோட்டில்தான் கிடக்கிறான். அதனால் நான்தான் அவளை என் பழைய சாகா காரில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா கிளினிக்குக்குப் போனேன். ரிட்டையர் ஆன லோரி டிரைவருக்கு யாராவது நோயாளி கிடைத்தால் தீபாவளி மாதிரி.

சின்ன வயது மலாய் டாக்டரம்மா. டிங் என்று அதிரும் இரும்புக் கவையைப் பூவிழியின் கணுக்காலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். சிவப்புப் பேனா மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். வலது கண்ணுக்குச் சிவப்பு, இடது கண்ணுக்குத் துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஸ். பிறகு சாவியால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். எல்லோருக்கும் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டுமாம். அவளுக்கு அது எனக்கு சலாம் போடுவது போல மேலே எழும்பியது. என் காலையும் நீட்டினேன். கோடு இழுத்ததும் எனக்கு வந்த கூச்சத்தில் ஓர் உதை விட்டேன். டாக்டரம்மா நாற்காலியோடு உருண்டு மருந்துக் கவுண்டர் வரைக்கும் போய் வந்தார்.

"கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறதா?" என்று கடைசியாகக் கேட்டார். அப்போது அடிக்கவில்லை.

அவர் மலாயில் சொன்னதை நான் பூவிழிக்கு லோரி பாஷையில் சொன்னேன். மூளையிலிருந்து இறங்கும் நரம்பு ஒயர் மாதிரி. ஒயருக்கு மேலே உறை உண்டு. அந்த உறையை எலி கடிக்கிறது. வெளி எலி இல்லை, உடம்பே வளர்த்த எலி. எதிரியைக் கடிக்கச் சொன்னால் வீட்டு ஒயரைக் கடிக்கிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அங்கே நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், புதிதாக ஏதாவது வந்தால் உடனே போன் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா.

"நரம்பாம், உறையாம்," என்றாள் நவமணி. "எனக்கு மட்டும் என்ன, உள்ள நூலா ஓடுது?"

கொஞ்ச நாள் கழித்துத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் எஸ்டேட்டில் இரண்டு டிவிஷன், இரண்டு மாரியம்மன், ஒரு ஜென்மப் பகை. கீழ்டிவிஷனில் சாமியாடிகள் இரண்டு பேர். எங்களுக்கு இருந்த ஒரே சாமியாடியும் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கிள்ளானில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். "உங்க அம்மன் பென்சன் வாங்கிட்டாளா லா?" என்று கீழ்டிவிஷன்காரர்கள் சாக்குக்கடையில் சாமான் வாங்க நிற்க விடாமல் கேட்டார்கள். ரெங்கசாமிக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை. எங்கள் எல்லோருடைய சோற்றையும் சாப்பிட்டும் இறங்கவில்லை.

அன்றைக்குத் திருநீறு வாங்கப் பூவிழி தலையைக் குனிந்தாள். பிடரியில் ஆரம்பித்த வெட்டு முதுகுத்தண்டு வழியாகக் கால் விரல் வரைக்கும் ஓடியது. தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை. என்ன இது என்று மறுபடி குனிந்து பார்த்தாள். மறுபடி வெட்டு. மூன்றாம் தடவை அவள் துள்ளியபோது ரெங்கசாமி கையிலிருந்த சாவிக்கொத்தை நழுவவிட்டு, "வந்துட்டா," என்று அலறினார். பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்த சீனர் அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மேளக்காரர் காத்திருந்தவர் போல அடித்தார். பூவிழி வாயைத் திறப்பதற்குள் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. இந்த வருஷம் பூக்குழியில் முதலில் இறங்குவது அவள்தான் என்றும் முடிவாகிவிட்டது.

"மாமா," என்று என் காதில் சொன்னாள், "டாக்டர் கேட்ட கரண்ட் இதுதான்."

மறுநாளே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். அவர் ஈப்போவோடு மல்லுக்கட்டி, யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். இதை விட்டால் இனி வருஷக் கடைசிதான், அதற்குள் கண்ணும் காலும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன தேதியைக் காலண்டரில் பார்த்தேன். தீமிதி நாள்.

காப்புக் கட்டினவர்கள் தீமிதி முடியும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. இது எங்கள் வழக்கம். கல்யாணம், கருமாதி, கோர்ட்டு கேஸ், எதற்கும் விலக்கு இல்லை. போன வருஷம் காப்புக் கட்டின ஒருத்தர், எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற கடன்காரனோடு இந்தப் பக்கம் நின்றே சண்டை போட்டு ஜெயித்தார்.

இதற்கு நடுவில் பூவிழியின் வாழ்க்கை எங்கேயோ போய்விட்டது. நவமணி காலையில் மைலோ கலந்து, "தாயே, சூடு போதுமா?" என்று நிற்கிறாள். லைனில் உள்ளவர்கள் காலில் விழுந்து லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்கிறார்கள். எஸ்டேட் வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள்.

"நல்லாத்தான் மாமா இருக்கு," என்றாள். "நோவுன்னு சொன்னப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுக்கல. இப்ப நான் கொட்டாவி விட்டாக்கூட சூடம் காட்டுறாங்க."

"அப்ப அம்மனாவே இருந்துரு. எனக்கும் ஒரு நம்பர் சொல்லு."

"தீயில எறங்கணுமே மாமா. எனக்குப் பாதத்துல சூடும் தெரியல, குளிரும் தெரியல. காலைத் தூக்கி வைக்கவும் வரல. நடுவுல நின்னுட்டேன்னா, நிக்கிறேன்னே எனக்குத் தெரியாது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பதிலுக்கு ஒரு பொய்கூட வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது.

ரெங்கசாமியிடம் போய் நின்றோம். பூவிழி எல்லாவற்றையும் நேராகவே சொன்னாள். "இது சாமி இல்ல சித்தப்பா. நரம்பு வியாதி."

ரெங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சோதிக்கிறா, பாருங்க கருப்பையாண்ணே. அவளே எறங்கி நின்னு, நான் இல்லன்னு சொல்றா. எங்க தாத்தா கங்காணியா இருந்த காலத்துலயும் இப்படித்தான் சோதிச்சாளாம்."

"டாக்டர் சொல்லுது லா," என்றேன்.

"டாக்டருக்கு நரம்பு தெரியும். நரம்புக்குள்ள யாரு இருக்கான்னு தெரியுமா? காப்புக் கட்டியாச்சு. எல்லை தாண்டுனா டிவிஷனே நாசமாப் போயிரும். கீழ்டிவிஷன்காரன் நம்மளைப் பார்த்துச் சிரிப்பான்."

டிவிஷன் நாசமாவதைவிடக் கீழ்டிவிஷன்காரன் சிரிப்பது அவருக்குப் பெரிய விஷயம். நானும் அந்த டிவிஷன்தான், புரிந்தது.

தீமிதிக்கு முந்தின நாள் காலையில் நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நவமணி கொதிக்கக் கொதிக்கக் காப்பியைத் தட்டில் வைத்து அம்மனுக்குக் கொண்டுவந்தாள். தட்டு சாய்ந்தது. ஒரு டம்ளர் காப்பி முழுவதும் பூவிழியின் வலது பாதத்தில் கொட்டியது. நான் துள்ளினேன், நவமணி துள்ளினாள், வாசலில் படுத்திருந்த நாய் துள்ளியது. பூவிழி ஜன்னல் பக்கம் பார்த்தபடி மலரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் கீழே குனிந்தாள். குனிந்ததில் கரண்ட் வேறு அடித்தது.

"பாத்தீங்களா அண்ணே," என்றாள் நவமணி. "சுடல. அம்மன் காவல்." கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதத்தில் தோல் கொப்பளித்துக்கொண்டு வந்தது. நவமணி களிம்பு எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து தடவினாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் பேசவில்லை. எஸ்டேட் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே நிலவியதில்லை. தேயிலைச் செடிகள் பயந்துபோய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சாயங்காலப் பூசைக்கு டிவிஷனே திரண்டிருந்தது. பூவிழி என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சன்னிதி முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் என் லோரியிலிருந்து பிஸ்கட் திருடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பாளே, அதே பார்வை.

குனிந்தாள். வெட்டியது. நிமிரவில்லை. இன்னும் குனிந்தாள். தாடை நெஞ்சைத் தொட்டது. உடம்பு உதறி எடுத்தது, கண்ணில் நீர் கொட்டியது. அதில் நடிப்பே இல்லை. அதன் பிறகு வந்த குரல் மட்டும் சொந்தத் தயாரிப்பு.

"யாருடா எனக்கு எல்லை போட்டது?"

மேளம் நின்றது. ரெங்கசாமி கைகட்டி முன்னால் வந்தார். "வழக்கம் தாயே. காப்புக் கட்டுனா..."

"இந்த மலை யாருது?"

"ஒன்னோடது தாயே."

"மலையில விழுற தண்ணி எங்க போவுது?"

"கீழ போவுது தாயே."

"கீழ என்ன ஊரு இருக்கு?"

"தாப்பா... ஈப்போ..."

"என் தண்ணி போற எடமெல்லாம் என் எல்லை. ஈப்போ என் எல்லை."

எங்கள் ஆறு எதிர்ப்பக்கமாகப் பகாங் பக்கம்தான் ஓடுகிறது. ஆனால் அம்மனுக்குப் பூகோளம் சொல்லித்தர யாருக்குத் துணிச்சல் வரும்?

"அங்க ஒரு குகை இருக்கு," என்றாள் அம்மன். "இரும்புக் குகை. உள்ள டொம்டொம்னு மேளம் அடிக்கும். நாளைக்கு நான் அதுக்குள்ள படுத்து எந்திரிக்கணும். கீழ்டிவிஷன்காரி அதுக்குள்ள போயிருக்காளா?"

"இல்ல தாயே."

"அப்புறம்?"

கூட்டத்தில் ஒரு குலவை கிளம்பியது. ரெங்கசாமியின் முகம் நெய்விளக்கு மாதிரி மலர்ந்தது. பாவம், அதோடு போயிருக்கலாம். "பூக்குழி யாரு தாயே எறங்குறது?" என்று கேட்டுத்தொலைத்தார்.

"நீ."

"நானா?"

"இத்தன வருஷம் ஓரத்துல நின்னு விசிலு ஊதுனியே. எறங்கு."

அவர் கழுத்தில் தொங்கிய விசில் தானாகவே ஒரு சின்னச் சத்தம் போட்டது.

"நவமணி."

"தாயே."

"பையைத் தூக்கிட்டு என்கூட வா. தோசை சுட்டு எடுத்துக்க. சட்னி வேணாம், கீழ சூட்டுக்குக் கெட்டுப்போவும். பொடி வை."

நவமணி தலையைத் தூக்கி அம்மனை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு கும்பிட்டாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. அருள் பட்டுவிட்டது என்று நினைத்து என் நெற்றியிலும் ஒரு பிடி திருநீறு அப்பினார்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். திரிங்காப், கோலா தெர்லா வழியாகக் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கினோம். இறங்க இறங்கச் சூடு ஏறியது. பூவிழிக்கு இடது கண் மங்கியது, நாக்குகூடக் கொஞ்சம் தடுமாறியது. சூடு பட்டால் இந்த வியாதி துள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏர்கானை முழுதாகத் திருப்பினேன். ஈப்போ போய்ச் சேர்ந்தபோது என் மீசையில் ஐஸ் கட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் காப்பைக் கழற்றச் சொன்னார்கள். நூலும் மஞ்சளும்தான், இரும்பு ஒரு பொட்டுகூட இல்லை என்று நவமணி மூன்று நர்சுகளோடும் ஒரு காவலாளியோடும் வாதாடி ஜெயித்தாள். அம்மன் இரும்புக் குகைக்குள் போனாள். டொம்டொம் வெளியே கேட்டது. எங்கள் மேளக்காரரைவிடத் தாளம் சுத்தமாக இருந்தது.

பிறகு நரம்பு டாக்டர் வந்தார். அமைதியான சீனர். பூவிழியைக் கழுத்தைக் குனியச் சொன்னார். அவள் குனிந்தாள், உடம்பு வெட்டியது. நவமணியின் இரண்டு கைகளும் கும்பிடப் பாதி தூரம் எழுந்தன. அப்படியே நின்றன. பிறகு கீழே இறங்கி மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டன.

படத்தில் மூளையிலும் கழுத்துத் தண்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பழசும் இருந்தது, புதுசும் இருந்தது. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனாலும் இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் என்று நினைக்கிறேன் என்றார். அடியோடு போகாது, வரும், போகும், மருந்து போட்டால் வருவதைத் தள்ளி வைக்கலாம். சீக்கிரம் வந்தது நல்லது, இன்றைக்கே படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றுவோம் என்றார்.

வார்டில் ஊசி ஏறிய பிறகு நவமணி தோசைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அத்தை," என்றாள் பூவிழி. "நேத்து நான்..."

"தெரியும் லா, சாப்பிடு."

"என்ன தெரியும்?"

"எந்த அம்மன் லா சட்னி கெட்டுப்போவும்னு பாக்கும்?"

பூவிழி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "தெரிஞ்சுமா கும்பிட்டீங்க?"

"நான் போகச் சொன்னா ரெங்கசாமி விடுவானா? அம்மன் சொன்னாத்தான விடுவான்." நவமணி தோசையைப் பிய்த்தாள். "காலுல அவ்வளவு காப்பி கொட்டுது, நீ பாட்டுக்குக் கதை பேசுற. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நடிப்பு நடிப்புன்னேன். நீ நடிக்கிறப்ப எப்படி இருக்கும்னு நேத்துத்தான பாத்தேன். மட்டமா நடிக்கிற புள்ள."

"எல்லாரும் நம்புனாங்களே."

"நம்பணும்னு வந்தவங்க நம்புனாங்க. பொடி போதுமா?"

இருட்டுவதற்குள் ரூபன் போனில் வீடியோ அனுப்பினான். ரெங்கசாமி பூக்குழியைத் தாண்டுகிறார். நடக்கவில்லை, ஓடவில்லை, பீரங்கியிலிருந்து போட்ட மாதிரி இந்தக் கரையில் மறைந்து அந்தக் கரையில் தோன்றினார். அந்த வேகத்துக்கு நெருப்புக்குத்தான் சுட்டிருக்க வேண்டும். ஆனாலும் போய்ச் சேர்ந்தார். கீழ்டிவிஷன்காரர்கள் வாயைப் பிளந்தார்கள் என்று ரூபன் எழுதியிருந்தான். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் மிகைப்படுத்தியதில்லை, அதனால் நம்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ரெங்கசாமியே கூப்பிட்டார். நவமணி போனைச் சத்தமாக வைத்துக் கட்டிலில் போட்டாள்.

"அம்மன் எப்ப திரும்புறா?"

"இங்கயே சில நாள் தங்கணும்னு உத்தரவு," என்றாள் நவமணி, கண்ணைக்கூட இமைக்காமல். "குகையில இன்னும் வேலை இருக்காம்."

"சரி, சரி. தாயே, கேக்குதா? நீ சொன்ன மாதிரி எறங்கிட்டேன். ஆனா உள்ளங்காலு ரெண்டும் எரியுது தாயே. வாளித் தண்ணியில விட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். என்ன குத்தம் செஞ்சேன்?"

பூவிழி போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் பாதத்தைப் பார்த்தாள். காப்பிக் கொப்பளத்துக்கு நர்ஸ் கட்டுப் போட்டிருந்தாள்.

"நல்லா எரியுதா சித்தப்பா?"

"உயிரு போவுது தாயே."

"ரெண்டு காலுலயுமா?"

"ரெண்டுலயும்."

"குத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள். "குடுத்து வச்ச ஆளு நீங்க."